எளிய சொற்கள் செய்த குற்றம்

2023ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காமர்ஸ் என்ற சிற்றூரில் இயங்கிய ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் கிளையில், வேளாண் துறை இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பட்டமளிப்பு விழாக்கள் நடக்கும் பருவம் அது. மாணவர்களின் கடைசிக் கட்டுரைகளை எழுதியது அவர்கள் அல்ல, சாட்ஜிபிடிதான் என்றது அந்த மின்னஞ்சல். கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது. பாடம் முடிக்கப்படாததாகவே பதிவாகும். சிலருடைய பட்டச் சான்று நிறுத்திவைக்கப்பட்டது.

ஆசிரியர் அதை எப்படிக் கண்டுபிடித்தார்? கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து சாட்ஜிபிடியிலேயே ஒட்டி, இதை எழுதியது நீதானா என்று அதனிடமே விசாரித்திருக்கிறார். ஒருமுறைக்கு இருமுறை விசாரித்திருக்கிறார். ஆம் என்று பதில் வந்திருக்கிறது.

அந்த 'ஆம்' என்ற சொல்லுக்குச் சாட்சி மதிப்பு கொஞ்சமும் இல்லை. தான் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்று புரட்டிப் பார்க்க சாட்ஜிபிடியிடம் பேரேடு எதுவும் இல்லை. யாரோ ஒருவருடன் அது நடத்திய உரையாடல் இன்னொருவருடைய உரையாடலில் தெரிவதும் இல்லை. ஒரு கேள்வி வந்தால், அதற்குப் பின்னால் இயல்பாக வரக்கூடிய சொற்களை அடுக்குவதுதான் அதன் வேலை. 'நீதானா' என்று கேட்டவருக்கு 'நான்தான்' என்பது சரளமான பதில். சரளம் வேறு, உண்மை வேறு என்ற பேதம் அதற்குத் தெரியாது. மனிதர் தம் கையால் எழுதிய பத்தியைக் கொடுத்தாலும் அதே வாக்குமூலம் வரக்கூடும்.

செய்தி நாளிதழ்களுக்குப் போனது. பல்கலைக்கழகம் விசாரித்தது. மாணவர் ஒருவர் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார். இந்த விவகாரத்தால் யாரும் தோல்வியடையவில்லை, யாருடைய பட்டமும் பறிபோகவில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. ஆனால் அதற்கு முந்தைய சில நாட்கள், தாங்கள் எழுதியதைத் தாங்களே எழுதியதாக நிரூபிக்க வேண்டிய நிலையில் மாணவர்கள் நின்றார்கள். அப்படி நிரூபிக்க ஒருவரிடம் என்ன இருக்க முடியும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2022 நவம்பர் 30 அன்று. அடுத்த அரைப் பருவத்துக்குள் வகுப்பறைகள் கலங்கிவிட்டன. 2023 ஜனவரியில் நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகள் தங்கள் வலைப்பின்னலில் அதைத் தடுத்தன. பாரிஸின் சியான்ஸ் போ பல்கலைக்கழகமும் அதே மாதம் தடை விதித்தது. மே மாதத்தில் நியூயார்க் தன் தடையை விலக்கிக்கொண்டது. பள்ளியின் வைஃபையில் தடுத்ததை மாணவர் வீட்டுக்குப் போய்த் தன் கைபேசியில் திறந்துகொள்ளலாம் என்னும்போது தடை எத்தனை நாள் நிற்கும்? தடுக்க முடியாவிட்டால் பிடிக்கவாவது முடியாதா என்று நிர்வாகங்கள் யோசித்தன. அந்த யோசனையிலிருந்து பிறந்தவைதான் கண்டறியும் கருவிகள்.

பிடிப்பதற்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது. இந்தியாவில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் எவரும் 'பிளேஜியரிசம் ரிப்போர்ட்' என்ற சொல்லைக் கேட்காமல் தப்ப முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அதனால்தான் ஆய்வு மாணவர்கள் 'பர்சன்டேஜ் எவ்வளவு வந்தது' என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பழைய அறிக்கையில் ஒரு நேர்மை இருக்கிறது. இந்த வரி இந்த நூலிலிருந்து, அந்தப் பத்தி அந்தக் கட்டுரையிலிருந்து என்று அது வண்ணம் தீட்டிக் காட்டும். குற்றம் சாட்டப்பட்டவர் மூலத்தைத் திறந்து பார்க்கலாம். இது மேற்கோள், இது எல்லோரும் எழுதும் வழக்கமான வரையறை, இது என் முந்தைய கட்டுரையே என்று வாதாடலாம். வழிகாட்டியும் தம் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து முடிவுக்கு வரலாம். திருட்டுப் பொருளும் கண்முன்னே இருக்கிறது, பறிகொடுத்தவரும் இருக்கிறார்.

சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாதிரி எழுதும் கட்டுரைக்கு அப்படி ஒரு மூலம் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு முறையும் அது புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுகிறது. ஒப்பிட மறுபக்கம் ஏதும் இல்லாதபோது கருவி எதைத்தான் அளக்கிறது? விடை தேட 1951ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பெல் ஆய்வகத்தின் கணித அறிஞர் கிளாட் ஷானன் ஓர் எளிய விளையாட்டைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு நூலின் பக்கத்தை மறைத்து வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து என்னவென்று ஒருவரை யூகிக்கச் சொல்வது. தவறினால் மீண்டும் யூகிக்கலாம். எத்தனை முயற்சியில் சரியாகச் சொல்கிறார் என்பதை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொண்டே போவது. பெரும்பாலான எழுத்துகளை மக்கள் முதல் முயற்சியிலேயே சொல்லிவிட்டார்கள். நூறு எழுத்துவரை முன்னே தெரிந்திருந்தால் ஆங்கில உரையில் ஏறக்குறைய முக்கால் பங்கு யூகத்துக்கு அடங்கியது என்று ஷானன் கணக்கிட்டார். மொழி என்பது எல்லாத் திசையிலும் திறந்து கிடக்கும் மைதானம் அல்ல. அதில் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த தடங்கள் இருக்கின்றன.

இதே விளையாட்டைத் தமிழில் ஆடிப் பார்க்கலாம். 'கிணற்றில் போட்ட' என்று நிறுத்தினால் கேட்பவர் 'கல்' என்பார். யோசிக்கக்கூட மாட்டார். 'பெரியப்பா பையைத் திறந்து எடுத்தது' என்று நிறுத்தினால் கண்ணாடியும் இருக்கலாம், பலாச்சுளையும் இருக்கலாம், பழைய பத்திரமும் இருக்கலாம். முதல் தொடரில் வியப்பு இல்லை. இரண்டாவதில் நிறைய இருக்கிறது. ஒரு மொழி மாதிரியால் இந்த வியப்பை எண்ணாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கணக்கிட்டுத்தான் அது எழுதவே செய்கிறது.

2023 ஜனவரி தொடக்கத்தில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலும் இதழியலும் படித்துக்கொண்டிருந்த எட்வர்ட் தியான் என்ற 22 வயது மாணவர், குளிர்கால விடுமுறையில் உருவாக்கிய ஜிபிடிஸீரோ என்ற கருவியை வெளியிட்டார். இயந்திரம் வாய்ப்பு மிகுந்த சொற்களை நாடும். ஆகவே அது எழுதியதில் வியப்பு குறைவாக இருக்கும். மனிதர் ஒரு வாக்கியத்தைச் சாதாரணமாக எழுதிவிட்டு அடுத்ததில் எங்கோ தாவுவார். வாக்கியத்துக்கு வாக்கியம் வியப்பு ஏறி இறங்கும். இந்த இரண்டையும் அளந்து, வியப்பும் குறைவு, ஏற்ற இறக்கமும் குறைவு என்றால் இயந்திரம் எழுதியதாகச் சந்தேகிக்கலாம் என்பதுதான் கருவியின் அடிப்படை. பல கருவிகள் இதே எண்ணத்தை ஏதோ ஒரு வடிவில் பின்பற்றின. 2023 ஏப்ரலில், உலகெங்கும் கல்லூரிகள் பயன்படுத்தும் டர்னிடின் நிறுவனமும் தன் ஒற்றுமைச் சோதனையோடு இதற்கான ஒரு மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொண்டது.

கூர்ந்து பார்த்தால் ஓர் இடைவெளி தெரியும். கருவி அளப்பது யூகிக்கத் தக்க தன்மையை. குற்றச்சாட்டோ ஏமாற்றினார் என்பது. யூகிக்கத் தக்க முறையில் எழுதுகிறவரெல்லாம் ஏமாற்றுகிறார் என்று ஆகுமா?

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தைச் சிலர் இத்தகைய கருவிகளில் போட்டுப் பார்த்தபோது, செயற்கை நுண்ணறிவு எழுதியதாகத் தீர்ப்பு வந்தது. காரணம் புரிந்தால் வியக்க ஒன்றுமில்லை. சாசனத்தின் வாசகம் இணையத்தில் எண்ணற்ற இடங்களில் இருக்கிறது. மொழி மாதிரிகள் அதைப் படித்துப் படித்து மனப்பாடம் செய்துவிட்டன. மனப்பாடமான வாசகத்தில் அடுத்த சொல் எப்போதும் தெரிந்த சொல்தான், ஆகவே வியப்பு பூஜ்யத்தை நெருங்குகிறது. சாசனத்தை எழுதியவர்களுக்கு இதனால் நட்டமில்லை. உயிரோடு இருக்கும் ஒரு கூட்டத்துக்கு நட்டம் இருந்தது.

அந்தக் கூட்டம் யார் என்பதை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸோவின் குழு காட்டியது. 2023 ஜூலையில் 'பேட்டர்ன்ஸ்' ஆய்விதழில் வந்த அவர்களது கட்டுரை, ஏழு கண்டறியும் கருவிகளுக்கு இரண்டு வகைக் கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஒன்று, அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய 88 கட்டுரைகள். இன்னொன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகள்; இவை சீன இணையத் தளமொன்றிலிருந்து திரட்டப்பட்டவை. எல்லாமே மனிதர் எழுதியவை. அமெரிக்கச் சிறுவர்களின் கட்டுரைகளைக் கருவிகள் ஏறக்குறையச் சரியாகவே மனிதர் எழுதியவை என்றன. டோஃபல் கட்டுரைகளிலோ சராசரியாக 61.3 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாகச் சொல்லின. 91இல் 18 கட்டுரைகள் விஷயத்தில் ஏழு கருவிகளும் ஒருமனதாக ஒரே பொய்யைச் சொல்லின. 89 கட்டுரைகள் குறைந்தது ஒரு கருவியிடமாவது மாட்டிக்கொண்டன. தப்பியவை இரண்டே இரண்டு.

குழு அத்தோடு நிற்கவில்லை. டோஃபல் கட்டுரைகளை எடுத்து, ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர் எழுதியது போலச் சொற்களை வளப்படுத்தித் தருமாறு சாட்ஜிபிடியிடமே கொடுத்தார்கள். இப்போதுதான் அந்தக் கட்டுரைகளில் உண்மையாகவே இயந்திரத்தின் கை பட்டது. தவறான சந்தேகம் 61.3இலிருந்து 11.6 சதவீதமாகச் சரிந்தது. மறுபுறம், அமெரிக்கச் சிறுவர்களின் கட்டுரைகளில் சொற்களை எளிமையாக்கச் சொன்னபோது 5.1 சதவீதமாக இருந்த சந்தேகம் 56.9க்கு ஏறியது. நேர்மையாகத் தானே எழுதிய பிள்ளை மாட்டுகிறது. சாட்ஜிபிடியிடம் கொடுத்து மெருகேற்றிய பிள்ளை தப்புகிறது. கருவி எதைத் தடுக்க வந்ததோ அதை நோக்கியே மாணவரைத் தள்ளுகிறது.

இந்த எண்கள் சீனத்து மாணவர்களைப் பற்றியவை. ஆனால் அவற்றின் பின்னால் இருக்கும் காரணம் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற எவருக்கும் பொருந்தும். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதை விளக்க ஒரு விடுமுறை விண்ணப்பம் போதும். 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி விடுப்பு வழங்குமாறு பணிந்து வேண்டிக்கொள்ளும் அந்தக் கடிதத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஒரே வாசகத்தில் எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல் உண்மையானது. கை பிள்ளையின் கை. சொற்கள் மட்டும் ஏற்கெனவே தேய்ந்த தடத்தில் போகின்றன, ஏனென்றால் பிள்ளைக்குத் தெரிந்த பாதுகாப்பான தடம் அது ஒன்றுதான். தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் முதன்முதலாக ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் எழுத உட்காரும் மாணவி துணிந்து ஓர் அபூர்வச் சொல்லைப் போடமாட்டாள். தவறாகிவிடுமோ என்ற பயத்தில், நிச்சயம் சரியென்று தெரிந்த சொல்லையே போடுவாள். புதிய மொழியைக் கற்பவரின் முதல் இயல்பே அந்தக் கவனம்தான். அதைக் குற்றத்தின் அடையாளமாக வாசிக்கும் ஓர் அளவுகோலை அவள் வகுப்பறையில் வைப்பது அநியாயம்.

கருவியை விற்பவர்கள் சொல்லும் பதில் ஒன்றுண்டு: தவறு மிகச் சிறிய சதவீதமே. அந்தச் சதவீதத்தை வகுப்பறைக் கணக்குக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி 31 அன்று ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. அதன் திறனை நிறுவனம் ஒளிக்காமல் சொன்னது: இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தை அது பிடிக்கும், மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும். இப்போது 1000 கட்டுரைகளை வைத்துக்கொள்வோம். அவற்றில் 100 கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை, 900 மாணவர்கள் எழுதியவை. கருவி அந்த 100இல் 26ஐப் பிடிக்கும். அந்த 900இல் 81ஐயும் பிடிக்கும். ஆசிரியரின் மேசைக்கு வரும் சந்தேகப் பட்டியலில் 107 பெயர்கள். அவர்களில் 81 பேர் நிரபராதிகள். பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரைத் தொட்டால், நான்கில் மூன்று முறை அது தவறு செய்யாதவர் பெயராக இருக்கும். நேர்மையானவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் வகுப்பில் சிறிய பிழையும் பெரிய கூட்டத்தின் மேல் விழுவதால்தான் கணக்கு இப்படித் திரும்புகிறது. அரிய நோய்க்கான பரிசோதனையை ஊரில் எல்லோருக்கும் செய்தால் பொய்யான 'பாசிட்டிவ்' ஏன் குவிகிறது என்று மருத்துவ மாணவர்கள் படிப்பதும் இதே கணக்குதான். அந்த ஆண்டு ஜூலை 20 அன்று, துல்லியம் போதவில்லை என்று கூறி ஓப்பன்ஏஐ தன் கருவியை மூடிவிட்டது.

டர்னிடின் சொன்ன எண் இதைவிட எவ்வளவோ மேல்: ஒரு சதவீதத்துக்கும் குறைவான தவறு. டென்னசி மாநிலத்தின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தது. 2022இல் அங்கிருந்து டர்னிடினுக்குப் போனவை 75,000 கட்டுரைகள். ஒரு சதவீதம் என்றால் 750. ஆண்டுக்கு 750 முறை ஒரு மாணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, செய்யாத காரியத்தைப் பற்றிக் கேட்பது. கருவி எதை வைத்து முடிவுக்கு வருகிறது என்பதும் வெளியில் தெரியாது. மாணவர் எதை எதிர்த்து வாதாடுவார்? 2023 ஆகஸ்டில் வாண்டர்பில்ட் அந்த வசதியை அணைத்துவிட்டது. வேறு பல பல்கலைக்கழகங்களும் அப்படியே செய்தன.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் ஏமாற்றுகிறவர்கள் குறைவு, ஆசிரியர்கள் வீணாகப் பதறுகிறார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்கார்ஃபும் அவரது சகாக்களும் நடத்திய சோதனை அந்த நிம்மதியைக் கலைத்துவிடும். உளவியல் இளநிலைப் படிப்பில் 33 போலி மாணவர்களின் பெயரில், வீட்டிலிருந்து எழுதும் தேர்வுகளுக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதிய விடைகளை அப்படியே அனுப்பினார்கள். திருத்திய ஆசிரியர்களுக்கு விஷயம் தெரியாது. 94 சதவீத விடைகள் சந்தேகத்துக்கே ஆளாகவில்லை. மதிப்பெண்ணோ, சராசரியாக, உண்மையான மாணவர்கள் வாங்கியதைவிட அதிகம். 2024இல் வெளியான அந்த ஆய்வைப் படித்த எந்த ஆசிரியரும் தன் மேசையில் இருக்கும் விடைத்தாள் கட்டை ஒரு கணம் வேறு கண்ணோடு பார்த்திருப்பார்.

ஆக, கருவியை நம்பினால் நிரபராதி மாட்டுகிறார். அனுபவத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றியவர் முதல் மதிப்பெண் வாங்குகிறார். இரண்டும் ஒரே வகுப்பில் ஒரே நாளில் நடக்கும்.

எழுதும்போதே அடையாளம் பதித்துவிட்டால் என்ன என்ற யோசனையும் வந்தது. 2023இல் மேரிலண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்ன வழி அழகானது. மாதிரி ஒவ்வொரு சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னும், முந்தைய சொல்லை வைத்து அகராதியை இரகசியமாகப் பச்சை, சிவப்பு என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். முடிந்தவரை பச்சையிலிருந்தே எடுக்கும். வாசிப்பவருக்கு எதுவும் தெரியாது. இரகசியம் அறிந்தவர் எண்ணிப் பார்த்தால் பச்சைச் சொற்கள் தற்செயலுக்கு மீறிய அளவில் இருக்கும். கூகுள் டீப்மைண்டும் தன் உரை அடையாள முறையை 2024 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. இத்தகைய அடையாளங்கள் அந்தந்த நிறுவனம் பதிக்க ஒப்புக்கொண்ட எழுத்தில் மட்டுமே இருக்கும். மாணவர் வேறொரு மாதிரியிடம் போனாலும், வந்ததைத் தம் சொல்லில் மாற்றி எழுதினாலும் அடையாளம் கலைந்துபோகும்.

பிடிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு முக்கியமான கேள்வி பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது. மாணவர் தானே எழுத வேண்டும் என்று ஏன் வற்புறுத்த வேண்டும்? உலகில் யாருக்கும் அந்தக் கட்டுரை தேவையில்லை. திருத்தி முடித்ததும் அது பரண்மேல் போகிறது.

1978இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் நார்மன் ஸ்லாமெக்காவும் பீட்டர் கிராஃபும் செய்த சோதனைகள் இதற்கு ஒரு பதில் தந்தன. ஒரு குழுவிடம் சொல் இணைகளை முழுதாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தை மட்டும் காட்டி, மீதியைத் தாங்களே வருவித்துக்கொள்ளச் சொன்னார்கள். விடை இரு குழுவுக்கும் ஒன்றே. ஆனால் தாங்களே வருவித்தவர்களுக்கு அது மனத்தில் நன்றாகத் தங்கியது. மூளை ஒன்றைத் தேடி எடுக்கும் அந்தச் சிறு சிரமத்திலேயே கற்றல் நடக்கிறது. நண்பனின் ரெக்கார்ட் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் வாங்கி, பரிசோதனை எதைப் பற்றியது என்று கேட்டால் விழித்தவர்கள் நாட்டில் ஏராளம். அவர்களிடம் கையின் உழைப்பு முழுதாக இருந்தது. தேடும் சிரமம் மட்டும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று துருக்கியில் பார்த்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் நடத்திய சோதனை அது. ஒரு பிரிவுக்கு வழக்கமான புத்தகமும் குறிப்பும் மட்டும். இரண்டாவது பிரிவுக்குப் பயிற்சிக் கணக்குகள் போடும்போது சாட்ஜிபிடி போன்ற ஒரு சாதாரண உரையாடல் கருவி. மூன்றாவது பிரிவுக்கு, ஆசிரியர்களின் துணையோடு வடிவமைக்கப்பட்ட கருவி: விடையைச் சொல்லாது, குறிப்பு மட்டும் தரும், மாணவர்கள் வழக்கமாக எங்கே தடுமாறுவார்கள் என்பதும் அதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

பயிற்சியின்போது இரண்டாவது பிரிவு முதல் பிரிவைவிட 48 சதவீதம் மேலாகவும், மூன்றாவது பிரிவு 127 சதவீதம் மேலாகவும் செய்தன. பிறகு கருவிகளை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரணக் கருவியோடு பயின்ற இரண்டாவது பிரிவு, கருவியையே பார்க்காத முதல் பிரிவைவிட 17 சதவீதம் பின்தங்கியது. குறிப்பு மட்டும் பெற்ற மூன்றாவது பிரிவில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. இவற்றில் மனத்தை உறுத்துவது இன்னொன்று: பின்தங்கிய மாணவர்கள் தாங்கள் பின்தங்கியதாகவே உணரவில்லை. பயிற்சியில் கணக்கு சரளமாக வந்ததல்லவா! பறிபோனது எதுவென்று பறிகொடுத்தவருக்கே தெரியாத இழப்பு இது.

இங்கேயிருந்து பார்த்தால் நேர்மை என்ற சொல் சற்று வேறு இடத்தில் போய் நிற்கிறது. ஸ்டான்ஃபோர்டில் விக்டர் லீயும் டெனிஸ் போப்பும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பெயர் கேட்காமல் விசாரித்து வருகிறார்கள். ஏதோ ஒரு வகையில் ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டவர்கள் சாட்ஜிபிடிக்கு முன்பும் 60 முதல் 70 சதவீதம். 2023இலும் ஏறக்குறைய அதே அளவு. புதிய கருவி வந்ததால் பிள்ளைகள் ஒரே இரவில் கெட்டுப்போகவில்லை. நேரம் போதாமை, மதிப்பெண் பயம், பாடம் புரியாத தனிமை ஆகியவை பழைய காரணங்கள். அவற்றை எந்தக் கண்டறியும் கருவியாலும் அளக்க முடியாது.

பள்ளிகளும் கல்லூரிகளும் இப்போது பழைய வழிகளுக்கே திரும்பிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் வகுப்பிலேயே உட்கார்ந்து கையால் தேர்வெழுதப் பயன்படும் நீல அட்டை நோட்டுக்கு மீண்டும் கிராக்கி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகக் கடையில் இரண்டு கல்வியாண்டுகளில் அதன் விற்பனை சுமார் 80 சதவீதம் உயர்ந்ததாக 2025இல் செய்தி வந்தது. வாய்மொழித் தேர்வைப் பற்றியும் புதிதாகப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 'வைவா' என்ற பெயரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கட்டுரையை எழுதிய மாணவியை எதிரே உட்காரவைத்து, இந்த உதாரணத்தை ஏன் எடுத்தாய், இதற்கு எதிர்வாதம் என்ன என்று பத்து நிமிடம் பேசினாலே போதும். அவள் அதற்குள் வாழ்ந்திருக்கிறாளா என்பது தெரிந்துவிடும். எண்ணைப் பார்த்துப் பயப்படவைப்பதைவிட இது எவ்வளவோ மரியாதையான விசாரணை. அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்தை ஆசிரியருக்குக் கொடுக்கப் பணம் செலவாகும். கருவிக்கான சந்தாவைவிட அதிகமாகவே செலவாகும். ஆயினும் நிர்வாகங்கள் செலவிட வேண்டிய இடம் அதுதான்.

இனி காமர்ஸ் ஊர் மாணவர்களிடம் திரும்பலாம். தாங்களே எழுதியதாக நிரூபிக்க அவர்களிடம் என்ன இருந்தது?

அவர்களில் ஒருவர் கட்டுரையைக் கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தார். எழுதும்போது அந்தக் கோப்பு தன் பழைய வடிவங்களை நேரத்தோடு பதிந்து வைத்துக்கொள்ளும். எப்போது தொடங்கினார், எப்போது விட்டுவிட்டுப் போனார், திரும்பி வந்து எதை அழித்தார், எதை மாற்றினார் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அந்த நேரக்குறிப்புகளைக் காட்டியதால் அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு நீங்கியது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விடைத்தாளை 'அடித்தல் திருத்தல் இல்லாமல்' எழுதச் சொல்வது நெடுங்கால வழக்கம். சுத்தமான தாளுக்கு நல்ல பெயர் கிடைக்கும். டெக்சாஸில் அந்த மாணவரைக் காப்பாற்றியது அவர் அடித்ததும் திருத்தியதும்தான்.